லாரியின் பாட்டரியும் அதன் கம்பிகளும்



தமிழ்நாட்டை விட்டுப் பல நூறு மைல் தொலைவில் வாழும் நம்மவர்க்கு, சாலையில் எதிர்ப்படும் ஒரு லாரியின் எண் பலகையில் 'டி.என்.' என்னும் இரண்டு எழுத்துகளைக் கண்டவுடன் உள்ளத்தில் ஒரு மகிழ்ச்சி எழுவது இயல்பு. நாமக்கல்லிலிருந்தும், சங்ககிரியிலிருந்தும், திருச்செங்கோட்டிலிருந்தும் புறப்படும் லாரிகள் பாரதத்தின் எல்லா மூலைகளுக்கும் சென்று வருகின்றன. அவற்றை ஓட்டி வருவோர் நம் ஊரார். நம் உறவினராகவும் இருக்கக்கூடும். அத்தகைய வண்டி ஒன்று வழியில் நின்றுவிட்டால், அந்த ஊரில் உள்ள தமிழர் வீட்டுத் தொலைபேசிதான் முதலில் ஒலிக்கின்றது. ஆதலின் லாரியின் பாட்டரியை மாற்றிப் பொருத்தும் முறையைப் பற்றி இன்று பேசப் புகுவது, லாரி வைத்திருப்போர்க்கு மட்டுமன்றி, ஏனையோர்க்கும் ஓரளவு பயன்படும் என்று நம்புகின்றோம்.

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிபவர். கல்லூரியில் கற்றது வரலாறும் இலக்கியமும். இயந்திரத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். ஒரு குளிர்கால இரவில் கற்ற பாடமே அத்தகுதி.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஜனவரி மாதத்தில், பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு தில்லி ஆசாத்பூர்ச் சந்தைக்கு ஒரு லாரி வந்தது. சரக்கை இறக்கிய பின், சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் வண்டியை நிறுத்தித் திரும்பும் சரக்குக்காகக் காத்திருந்தனர். இரண்டாம் நாள் விடியற்காலையில் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'கடக்' என்று ஓர் ஒலி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. வண்டிக்கு உடையவரே அதை ஓட்டி வந்தவர். பாட்டரி பழையதாகிவிட்டது என்று முடிவு செய்து, கையில் இருந்த வாடகைப் பணத்தில் புதிய பாட்டரிகள் இரண்டை வாங்கினார். அவற்றை மாட்டும் வேலையில் கிளீனராக வந்த இளைஞனின் கை வெந்துபோயிற்று. அவ்வளவு துன்பத்துக்குப் பிறகும் வண்டி கிளம்பவில்லை. திரும்பும் சரக்கோ மறுநாள் காலையில் ஏற்றியாக வேண்டும். தவறினால் அது வேறு வண்டிக்குப் போய்விடும். அவர்க்கு இந்தி தெரியாது. நம் பக்கத்து வீட்டு அன்பர் அவருடைய ஊர்க்காரர். அவர் வந்து அழைக்கவே, துபாஷி வேலை பார்ப்பதற்காக நாம் உடன் சென்றோம்.

இந்த நிகழ்ச்சியின் முடிவைக் கூறுமுன், பாட்டரியின் இயல்பைச் சிறிது காண்போம்.

லாரிகளில் உள்ளது ஈயமும் கந்தகக் காடியும் கொண்ட பாட்டரி. பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளாந்தே என்பவர் 1859-ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். அடிப்படை அமைப்பு இன்றும் அதுவே. ஓர் அறை ஏறக்குறைய 2 வோல்ட் அழுத்தம் தரும். ஆறு அறைகள் சேர்ந்தது 12 வோல்ட் பாட்டரி. கனரக லாரிகளில் பெரும்பாலும் இத்தகைய பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பர். முழுவதும் மின்னேற்றப்பட்டு ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பாட்டரியை மல்டிமீட்டரால் அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12 வோல்ட் அளவுக்கு இறங்கியிருந்தால், அதில் சரக்கு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

12 வோல்ட், 24 வோல்ட் என்பன வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டோடு ஒப்பிடச் சிறியவை. வறண்ட கையால் தொட்டால் அதிர்ச்சி தோன்றுவதில்லை. இதனால், 'பாட்டரி என்ன செய்துவிடும்?' என்னும் அலட்சியம் பலரிடம் உண்டு. அழுத்தம் சிறிதாயினும் அதிலிருந்து பாயும் மின்னோட்டம் மிகப் பெரிது. வீட்டில் ஒரு மின்விசிறிக்கு அரை ஆம்பியர்கூடத் தேவைப்படுவதில்லை. லாரியின் பெரிய எஞ்சினைச் சுழற்ற, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் சில நூறு ஆம்பியர் வேண்டும். குளிர்ந்து கெட்டிப்பட்ட எண்ணெயில் எஞ்சின் அசைய மறுக்கும்போது இத்தேவை மேலும் உயரும்.

இவ்வளவு பெரிய ஓட்டம் கம்பிகளின் வழியே சென்று திரும்ப வேண்டும். இங்கேதான் தொல்லை தொடங்குகின்றது. ஏரி நிறைய நீர் இருந்தும் மதகு தூர்ந்துபோயிருந்தால் கடைமடைப் பயிர் காயும் அன்றோ? பாட்டரி ஏரி, கம்பி வாய்க்கால், கம்பியின் நுனியில் உள்ள இணைப்பே மதகு. ஏரியை எத்தனை முறை நிரப்பினாலும், மதகைப் பாராதவன் பயிரைக் காப்பாற்ற இயலாது.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 2 மீட்டர் நீளமும் 35 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உடைய செம்புக் கம்பியின் மின்தடை, ஓர் ஓமில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் 400 ஆம்பியர் பாயும்போது இழப்பு 0.4 வோல்ட் மட்டுமே. இனி, கம்பி நுனியில் துருவோ, பச்சைக் களிம்போ, வண்ணப் பூச்சோ இடையில் நின்று, அந்த ஓர் இணைப்பின் தடை நூற்றில் ஒரு பங்கு ஓம் ஆகிவிட்டது என்று கொள்வோம். அப்போது அங்கே மட்டும் 4 வோல்ட் தொலைகின்றது. கால் அங்குல அளவுள்ள அந்த இணைப்பு, 20 மீட்டர் நீளக் கம்பிக்குச் சமமாகத் தடுக்கின்றது. தொலைந்த மின்சாரம் வெப்பமாக மாறுகின்றது; 4 வோல்ட்டை 400 ஆம்பியரால் பெருக்கினால் 1,600 வாட். நாம் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியினும் இது மிகுதி.

இத்தகைய பழுதை விளக்கெரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. 24 வோல்ட் வண்டியின் முகப்பு விளக்கு ஒன்றுக்கு மூன்று ஆம்பியர் போதும். அதே பழுதான இணைப்பின் வழியே மூன்று ஆம்பியர் சென்றால் இழப்பு 0.03 வோல்ட், விளக்கு பளிச்சென்று எரியும். ஓட்டுநர், 'விளக்கு எரிகின்றது, ஹாரன் ஒலிக்கின்றது. ஆகவே கம்பி நன்றாக இருக்கின்றது' என்று தவறாக முடிவு கட்டிவிடுவார். நம் ஊர்க்காரரும் அவ்வாறே எண்ணினார்.

அந்த இரவில் அங்கே ஒரு முதிய சர்தார்ஜி மிஸ்திரியைக் கண்டோம். அவர் மீட்டரைக்கூட முதலில் எடுக்கவில்லை. சாவியைச் சில விநாடி திருப்பச் சொன்னார். பின்னர் ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் புறங்கையை மெல்லக் கொண்டுசென்றார். பாட்டரியின் முனைகள் குளிர்ந்திருந்தன. ஸ்டார்ட்டரின் முனை குளிர்ந்திருந்தது. எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னல் பட்டையின் நுனிக்குச் சென்றதும் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அது சுட்டது. பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தார். சாவியைத் திருப்பும்போது அவ்விடத்தில் மட்டும் ஏறக்குறைய 5 வோல்ட் இழப்பு. முன்னொரு காலத்தில் சேஸிஸுக்கு வண்ணம் பூசியபோது, அந்தப் போல்ட்டின் அடியிலும் பூசிவிட்டனர். அதன்மேல் துருவும் ஏறியிருந்தது. அவர் போல்ட்டைக் கழற்றி, இரும்பு வெண்மையாகத் தெரியும்வரை சுரண்டி, புதிய பட்டை ஒன்றை வைத்து இறுக்கினார். எஞ்சின் முதல் திருப்பிலேயே உறுமி எழுந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் தொகையே செலவு.

கழற்றி வைத்த பழைய பாட்டரிகளை மிஸ்திரி சோதித்துப் பார்த்தார். அவை இன்னும் ஓராண்டு உழைக்கும் நிலையில் இருந்தன.

மின்சாரம் பாட்டரியிலிருந்து சென்றால் மட்டும் போதாது, பாட்டரிக்குத் திரும்பவும் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். வண்டியில் திரும்பும் வழி சேஸிஸ் என்னும் இரும்புச் சட்டமே. எஞ்சினோ ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினிலிருந்து சட்டத்துக்குச் செல்லும் பின்னல் பட்டை, பாட்டரிக் கம்பிக்கு இணையான முக்கியத்துவம் உடையது. அது அறுந்துபோனால், திரும்ப வழி தேடும் மின்சாரம் ஆக்ஸிலரேட்டரின் இரும்புக் கம்பி போன்ற சிறு வழிகளில் புகுந்து அவற்றைச் சுட்டுக் கருக்குவதும் உண்டு.

இனி, பாட்டரியையும் கம்பிகளையும் வெளிக்கடையில் வாங்கிப் பொருத்துவோர் கவனிக்க வேண்டியவை எவை என்று காண்போம்.

முதலாவது, பாட்டரியின் தேர்வு. பழைய பாட்டரியின் வோல்ட், ஆம்பியர்-மணி ஆகியவற்றோடு, அதன் நீள அகலம், முனைகள் அமைந்த பக்கம் ஆகியவற்றையும் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும். பிளஸ் முனை வலப்பக்கம் இருந்த இடத்தில் இடப்பக்கம் உள்ள பாட்டரியை வைத்தால், கம்பி எட்டாமல் இழுத்துப் பிடித்து மாட்ட நேரும். இரண்டு பாட்டரி உள்ள வண்டியில் ஒன்று பழையதும் ஒன்று புதியதுமாக வைப்பது சிக்கனம் போலத் தோன்றும்; தளர்ந்த மாட்டையும் இளைய மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதையாக, இரண்டும் விரைவில் கெடும். பாட்டரி தட்டில் ஆடாதபடி பிடிசட்டத்தை இறுக்க வேண்டும். நம் சாலைகளின் குலுக்கல் ஈயத் தகடுகளை உதிர்த்துவிடும்.

இரண்டாவது, கம்பி. பழைய கம்பியினும் மெலிந்த கம்பியை ஒருபோதும் ஏற்கலாகாது. நீளம் கூடுமானால் பருமனும் கூட வேண்டும். மேலே உள்ள உறையின் பருமனைக் கண்டு ஏமாறக் கூடாது. புறத்தே பருத்த உறையும் அகத்தே மெலிந்த உலோகமும் உடைய கம்பிகள் சந்தையில் உள்ளன. செம்புப் பூச்சு மட்டும் பூசிய அலுமினியக் கம்பிகளும் செம்பு என்ற பெயரில் விலைபோகின்றன. அலுமினியத்தின் கடத்தும் திறன் செம்பினுடையதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். உள்ளே வெண்மை தெரிந்தால் அது செம்பன்று.

மூன்றாவது, கம்பியின் நுனி. இதில் பொருத்தும் செம்புக் குழாய்த் துண்டைத் 'திம்பிள்' என்று தில்லியிலும் கேட்கலாம். தமிழ்நாட்டுப் பட்டறைகளிலும் கேட்கலாம். அதனைச் சுத்தியால் தட்டி நசுக்குவது பெருவழக்கு, அது தவறு. இழைகளுக்கிடையே காற்றும் ஈரமும் புக இடம் வைத்து, ஆறு மாதத்தில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். உரிய அச்சுள்ள அழுத்துக் கருவியால் இறுக்கி, மேலே சுருங்கும் குழாயைச் சூடேற்றி மூடுவதே முறை. இந்தக் கருவி உள்ள கடையைத் தேடிச் செல்ல அரை மணி நேரம் வீணானாலும் கேடில்லை.

நான்காவது, கம்பி செல்லும் வழி. புகைபோக்கிக் குழாயின் அருகிலும், சுழலும் தண்டின் அருகிலும் கம்பி செல்லலாகாது. சட்டத்தின் துளை வழியே நுழையுமிடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். தொங்காதபடி ஓரடிக்கு ஒன்றாகப் பிடிகள் போட வேண்டும். பிளஸ் கம்பியின் உறை இரும்பு விளிம்பில் உராய்ந்து தேய்ந்துவிட்டால், ஒரு நாள் குலுக்கலில் இரும்பைத் தொடும். தொட்ட மறுகணம் தீப்பொறி. ஓடும் லாரி தீப்பற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாவது, எல்லாவற்றினும் முக்கியமானது, கழற்றி மாட்டும் வரிசை. அந்த இளைஞனின் கையைச் சுட்டது வரிசை பிறழ்ந்த செயலே. அவன் முதலில் பிளஸ் முனையைக் கழற்றத் தொடங்கினான். சட்டம் முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கின்றது அன்றோ? ஸ்பானரின் ஒரு நுனி பிளஸ் முனையில் இருக்க, மறு நுனி இரும்புச் சட்டத்தில் பட்டது. இடையில் இருந்தது அவன் விரலில் அணிந்திருந்த மோதிரம். ஒரு கணத்தில் அது பழுக்கக் காய்ந்தது. மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியதாயிற்று. விரல் பிழைத்தது, தழும்பு நிலைத்தது.

மைனஸை முதலில் கழற்றிவிட்டால், பிறகு ஸ்பானர் சட்டத்தில் பட்டாலும் மின்சாரம் திரும்பிச் செல்ல வழி இல்லை, பொறியும் இல்லை. மாட்டும்போதும் இதே காரணத்தால் மைனஸ் கடைசியில் வர வேண்டும். இரண்டு பாட்டரி உள்ள வண்டியில், முதலில் சட்டத்துக்குச் செல்லும் மைனஸ் கம்பி, அடுத்து வண்டிக்குச் செல்லும் பிளஸ் கம்பி, இறுதியில் இரண்டு பாட்டரிகளையும் இணைக்கும் கம்பி என்பது கழற்றும் வரிசை. மாட்டுவது இதன் தலைகீழ். தொடங்குமுன் சாவியையும் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட வேண்டும். யூரியாக் கரைசல் பயன்படுத்தும் புதிய வண்டிகளில், சாவியை அணைத்த பின் கையேட்டில் கூறியுள்ள நேரம் பொறுத்தே பாட்டரியைத் துண்டிக்க வேண்டும். அதுவரை அந்தக் கரைசலின் குழாய்களை வண்டி தானே வெறுமையாக்கிக் கொண்டிருக்கும்.

மோதிரம், கைக்கடிகாரம், கைக்காப்பு ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடுக. பீடியும் தீக்குச்சியும் அருகில் வேண்டா. மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு அது கலந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். வெடித்தால் கந்தகக் காடி முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டுவிட்டால், வேறெதையும் எண்ணாமல், தூய நீரால் கால் மணி நேரமேனும் இடைவிடாது கழுவிக்கொண்டே இருந்து, பின் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முனைகளில் பூத்திருக்கும் களிம்பைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, உலர்த்தி, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லைன் தடவுக. ஈயம் மெல்லிய உலோகம். அளவுக்கு மேல் இறுக்கினால் முனை முறியும்.

வடநாட்டில் வாழ்வோர்க்கு ஒரு சொல். உறைநிலைக் குளிரில் பாட்டரியின் தள்ளும் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறைகின்றது. தமிழ்நாட்டு வெயிலில் குறையை மறைத்துக்கொண்டு ஓடும் இணைப்பு, தில்லியின் தை மாதத்தில் தன் குறையை வெளிப்படுத்திவிடும். காஷ்மீருக்கும் லே நகருக்கும் செல்லும் வண்டிகளில் பாட்டரியை வெறுமையாக விடுவது மேலும் ஆபத்து. மின்னேற்றம் தீர்ந்த பாட்டரியின் காடி, சுழிக்குக் கீழே ஏறத்தாழ 10 பாகை செல்சியஸிலேயே உறைந்து, கூட்டைப் பிளக்கக்கூடும். முழு மின்னேற்றம் உள்ளது அக்குளிருக்கு அஞ்சாது.

கழற்றிய பழைய பாட்டரியைத் தெருவோரத்தில் உடைத்து ஈயம் எடுப்போரிடம் தரலாகாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விப்பது தயாரிப்பாளரின் கடமை. ஆதலின் புதியதை வாங்கும் கடையிலேயே அதனை ஒப்படைத்து, விலையில் கழித்துக்கொள்க.

இறுதியாக, நம் தொழில் சார்ந்த ஒரு செய்தி. அந்த இரவுக்குப் பின், தமிழ் ஓட்டுநர்களுக்காக ஒரு சிறு அறிவிப்பு எழுதித் தரலாம் என்று தோன்றிற்று. நாம் கற்ற தமிழில், 'எதிர்மின்முனையை முதற்கண் துண்டிக்க' என்று எழுதினோம். அந்த லாரிக்காரர் அடுத்த முறை வந்தபோது அதைப் படித்துவிட்டு, "எதிர் முனைன்னா எதுத்தாப்புல இருக்கிற முனைங்களா சார்?" என்று பணிவாகக் கேட்டார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிளஸ் முனைக்கு அருகில் நிற்பவருக்கு எதிரே இருப்பது மைனஸ்; மைனஸுக்கு அருகில் நிற்பவருக்கோ எதிரே இருப்பது பிளஸ்! நம் செந்தமிழ் இன்னொருவன் விரலைச் சுட்டிருக்கும். மின்சாரத்தைப் போலவே சொல்லும், இணைப்புச் சரியாக இல்லாவிட்டால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை. தாளைக் கிழித்துவிட்டு, வேறொன்று எழுதினோம்.

'மைனஸ் முதலில் கழற்று. மைனஸ் கடைசியில் மாட்டு. மோதிரம் கழற்று. பாட்டரி வாங்குமுன் கம்பி நுனியைப் பார்.'

அந்தத் தாள் அவருடைய வண்டியின் பாட்டரிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் இன்றும் ஒட்டியிருக்கின்றது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்கள், தங்கள் ஊருக்கு வரும் தமிழ் லாரிக்காரர் எவரையேனும் சந்திக்க நேர்ந்தால், இந்த நான்கு வரிகளையும் அவர்க்குச் சொல்லி வையுங்கள்.